இறக்கத்துக்கு ஒரு வண்டி: மலையில் டீசல் பிக்கப் வாங்குவதும் வைத்திருப்பதும்

போன மாதம் என் தங்கை மகன் ஒரு பழைய பிக்கப்பைப் பார்த்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "மாமா, பின்னாடி ரெண்டு பட்டை எக்ஸ்ட்ரா போட்டிருக்காங்க. ரெண்டு டன் அசால்ட்டா தாங்குமாம்" என்றான். பட்டை என்றால் லோடைத் தாங்கும் ஸ்பிரிங் தகடு. "தாங்கும் மாப்ளே. நிக்குமா?" என்று கேட்டேன். அவனுக்குக் கேள்வி புரியவில்லை. அவன் வயதில் எனக்கும் புரிந்திருக்காது. அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவனை உட்கார வைத்துச் சொன்னவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கோத்தகிரிக்காரன். 2016இல் இருந்து டீசல் பிக்கப் வைத்து ஓட்டுகிறேன். கூக்கல்தொரை, நெடுகுளா பக்கத்துத் தோட்டங்களில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குவது தொழில். கோத்தகிரி கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். நடுவில் 33 கிலோமீட்டர் ரோடு. சமவெளியில் இருந்து வருகிறவர்கள் "ஏத்தத்துல இழுக்குமா?" என்றுதான் கேட்பார்கள். எங்களுக்கு அது பிரச்சினையே இல்லை. நாங்கள் காலி வண்டியோடு ஏறுகிறோம், முழு லோடோடு இறங்குகிறோம். வாங்கும்போதும், பராமரிக்கும்போதும், மாற்றம் செய்யும்போதும் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்தால் பாதி முடிவுகள் தானாக வந்துவிடும்.

வாங்கும் முன்

எங்கள் பக்கம் அதிகம் ஓடுவது பொலேரோ பிக்கப். 2,523 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சின். அதற்கு அடுத்து ஓசூரில் தயாராகும் தோஸ்த், 1,478 சிசி, மூன்று சிலிண்டர். டாடா இன்ட்ரா வி30 1,496 சிசி. குட்டி யானை என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸ் ஊருக்குள் சந்து பொந்துக்கு அருமையான வண்டி, ஆனால் தினமும் மலை இறங்கும் வேலைக்கு அதை நான் சொல்ல மாட்டேன். சிசியைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆர்சியில் இரண்டு எடைகள் இருக்கும்: வண்டியின் வெறும் எடை, லோடோடு சேர்த்த மொத்த எடை. இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றலாம் என்று அனுமதித்த எடை. டிரைவரும் கூட வரும் ஆளும் அதற்குள்தான் அடக்கம். விற்பவர் வாயால் சொல்லும் டன் கணக்குக்கு மதிப்பில்லை. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பழைய வண்டி பார்க்கப் போகிறீர்கள் என்றால் விடியற்காலையில், முன்னறிவிப்பு இல்லாமல் போங்கள். போனதும் பானட்டைத் திறந்து எஞ்சினில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கனவே ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். நன்றி சொல்லிவிட்டு மறுநாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். டீசல் எஞ்சின் தன் நோயையெல்லாம் குளிரில்தான் காட்டும். நல்ல எஞ்சின் இரண்டு மூன்று சுற்றில் பிடித்துக்கொள்ளும். முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றால் பரவாயில்லை. சூடான பிறகும் வெள்ளையாக வந்துகொண்டே இருந்தால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரோ கம்ப்ரஷனோ சரியில்லை, அல்லது கூலண்ட் உள்ளே எரிகிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம் போகிறது.

ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக மூச்சு வருவது இயல்பு. ரயில் எஞ்சின் போல் குப்குப்பென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், பெரிய செலவு காத்திருக்கிறது.

அப்புறம் ஒரு சாக்கைக் கீழே விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள். சட்டை அழுக்காகும், பரவாயில்லை. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் கேபினுக்குப் பின்னால் இருக்கும் பகுதியையும், பட்டை மாட்டியிருக்கும் இடங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே வெல்டிங் தடமோ, மற்ற இடத்தில் இல்லாத புது பெயின்டோ இருந்தால் அந்த வண்டி ஓவர்லோடில் வாழ்ந்த வண்டி. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். பட்டைகளை எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததைவிட அதிகம் இருந்தால் அது அதிக மதிப்பு இல்லை, எச்சரிக்கை.

பேப்பர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படிவம் 29, 30 இரண்டும் பெயர் மாற்றத்துக்கு. ஆர்சியில் கடன் பதிவாகியிருந்தால் வங்கியின் படிவம் 35 கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். மஞ்சள் போர்டு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்சி என்ற தகுதிச் சான்று, அதற்குப் பிறகு ஆண்டுதோறும். நிலுவையில் உள்ள இ-சலான்களையும் பாருங்கள், வண்டியோடு சேர்ந்து அவையும் வந்துவிடும். கார் லைசென்ஸ் வைத்துக்கொண்டு 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டி ஓட்டலாமா என்ற பழைய சந்தேகத்தை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்த்துவிட்டது, ஓட்டலாம்.

காலையில் பத்து நிமிடம்

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் மூன்றின் அளவு. நான்கு டயரையும் கண்ணால் ஒரு சுற்று, வீல் நட்டுகளையும் சேர்த்து. முந்தின இரவு நிறுத்திய இடத்தில் தரையில் ஏதாவது ஈரம் இருக்கிறதா? பச்சையாகவோ சிவப்பாகவோ இருந்தால் கூலண்ட், கறுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில், டயரின் உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு என்றால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள், அது பிரேக்.

சாவியைத் திருப்பியதும் சுருள் கம்பி போல ஒரு விளக்கு எரியும். அது குளிரில் எஞ்சினுக்கு உள்ளே சூடேற்றும் குளோ பிளக்கின் விளக்கு. டிசம்பர், ஜனவரி குளிரில் அது அணையும் வரை காத்திருந்து பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டாம். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவுக்கு ஆயில் போய்ச் சேரச் சில நொடிகள் ஆகும், அரை நிமிடமாவது ஐடிலில் விடுங்கள். அதேபோல் ஏற்றம் ஏறி வந்து நிறுத்தியதும் சட்டென்று சாவியைத் திருப்பாதீர்கள். ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். டர்போவின் பேரிங்குக்கு ஆயில்தான் உயிர். எஞ்சின் நின்றால் ஆயில் நிற்கும், ஆனால் டர்போவின் சூடு உடனே நிற்காது. அதில் தங்கிய ஆயில் கருகிப் படியும்.

கூலண்ட் குறைந்தால் பைப் தண்ணீர் ஊற்றுவதைப் பலர் செய்கிறார்கள். உள்ளே துருவும் உப்பும் படிந்து ரேடியேட்டர் அடைக்கும். கலந்தே வரும் கூலண்ட் ஒரு லிட்டர் கேன் சீட்டுக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும். இன்னொரு பழைய வைத்தியம், வண்டி சூடாகிறது என்றால் கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது. சமவெளி வெயிலில் அதன் கெடுதல் சீக்கிரம் தெரியாது. மலையில் இறங்கும்போது எஞ்சினுக்கு வேலையே இல்லை, வால்வும் இல்லை என்றால் எஞ்சின் சில்லிட்டுப் போகும். குளிர்ந்த டீசல் எஞ்சின் சரியாக எரிக்காது, கரி சேரும், தேய்மானம் கூடும். ஏன் சூடாகிறது என்று கண்டுபிடியுங்கள், வால்வை விட்டுவிடுங்கள்.

ஒரு நோட்டு வையுங்கள். தேதி, கிலோமீட்டர், டேங்க் நிறைய அடித்த லிட்டர். அவ்வளவுதான். என் வண்டி லிட்டருக்கு 13 கொடுத்துக்கொண்டிருந்து ஒரு வாரம் 11க்கு இறங்கியபோது, பின் பிரேக் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டே ஓடியதைக் கண்டுபிடித்தேன். வண்டிக்கு வாய் இல்லை, நோட்டு அதற்கு வாய்.

டீசலும் தண்ணீரும்

2018இல் ஒரு மழைக்காலத்தில், எப்போதும் போகாத ஒரு பங்கில் டீசல் அடித்தேன். பத்து கிலோமீட்டர் போவதற்குள் எஞ்சின் திக்கித் திணறி நின்றது. டேங்கில் தண்ணீர். நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றி சர்வீஸுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று, ஒன்று தேறவே இல்லை. ஒரு மாத வருமானம் அதில் போயிற்று. காமன் ரெயில் எஞ்சினில் டீசல் 1,000 பாருக்கும் மேலான அழுத்தத்தில் ஊசிக்கண்ணைவிடச் சிறிய துளை வழியாகப் போகிறது. அந்தத் துளைக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் துருவும் விஷம்.

அதனால் மூன்று பழக்கங்கள். ஒன்று, டேங்கர் லாரி நின்று பங்க்கின் தொட்டியில் டீசல் இறக்கிக்கொண்டிருந்தால் அப்போது அடிக்காதீர்கள், அடியில் தங்கிய கசடு கலங்கியிருக்கும். இரண்டு, மலைக்காரர்கள் சாயங்காலமே டேங்கை நிரப்பிவிடுங்கள். பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் தண்ணீராக இறங்கும். மூன்று, ஃபியூல் ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி வாரம் ஒருமுறை ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் டீசலுக்குக் கீழே தனியாக நிற்கும். சுத்தமான டீசல் வரும் வரை விட்டு மூடிவிடுங்கள். ஃபில்டரை நான் 10,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட விடுவதில்லை, கம்பெனி புத்தகம் அதற்கு மேல் அனுமதித்தாலும்.

டீசல் தீர்ந்து நின்றாலோ ஃபில்டர் மாற்றினாலோ டீசல் குழாயில் ஏர் பிடிக்கும். ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் கைப்பம்பை அது இறுகும் வரை அழுத்தினால் போதும். இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் ஏர் எடுக்க இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடிப்பார்கள். கைப்பழக்கத்தில் புது வண்டியிலும் அதைச் செய்ய வருவார்கள். விடவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கச் சின்ன ஊசி குத்தியது போலத்தான் இருக்கும், விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

பிஎஸ்6 வண்டிக்கு மட்டும்

2020 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான வண்டிகள் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் வந்தவை. அவற்றில் பெரும்பாலான டீசல் வண்டிகளின் சைலன்சர் வரிசையில் டிபிஎஃப் என்று ஒரு கரி வடிகட்டி இருக்கும். புகையில் உள்ள கரியைப் பிடித்து வைத்து, நிறைந்ததும் 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றித் தானே எரித்துக்கொள்ளும். அதற்குத் தொடர்ச்சியான ஓட்டம் வேண்டும். தோட்டம் தோட்டமாக நின்று நின்று மூட்டை ஏற்றும் நம் வேலை அதற்கு எதிரி. டாஷ்போர்டில் அதன் விளக்கு எரிந்தால் பயப்பட வேண்டாம். இறங்கி அணைக்காமல், ஒரு கியர் குறைத்து, எஞ்சின் சுற்று கொஞ்சம் கூடுதலாக இருக்கும்படி இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். மேட்டுப்பாளையத்தில் இருந்து காலியாக ஏறிவரும் ஏற்றம் இதற்கென்றே அமைந்த மாதிரி. மண்டியில் இருந்து திரும்பும்போது நடுவில் டீக்கு நிறுத்தாமல் அரவேணு வரை ஒரே மூச்சாக வந்துவிடுவேன்.

இந்த வண்டிகளில் டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறினால் சந்தோஷப்படாதீர்கள். கரியை எரிக்க விட்ட டீசல், பாதியில் எஞ்சினை அணைப்பதால் சிலிண்டர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கிறது. ஆயில் நீர்த்துப்போய் பேரிங்குகளைக் காக்காது. உடனே மாற்ற வேண்டும். மாற்றும்போது டிபிஎஃப்க்கு ஏற்ற, சாம்பல் குறைவான ஆயிலையே கேட்டு வாங்குங்கள். புத்தகத்தில் அதன் தரம் போட்டிருக்கும். விலை கூடுதல்தான், டிபிஎஃப் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. டிபிஎஃப்பை வெட்டி எடுத்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. சட்டப்படி குற்றம், புகைச் சான்றிதழ் கிடைக்காது, கீழே நின்று சுவாசிப்பதும் நம் பிள்ளைகள்தான்.

பட்டையும் பிரேக்கும்

இப்போது மருமகனின் அந்த இரண்டு பட்டைக்கு வருகிறேன்.

என் முதல் வண்டியில் நானும் போட்டேன். 2017இல். தோட்டக்காரர்கள் "ஒரே நடையில எடுத்துட்டுப் போயிடு" என்பார்கள், ஒரு நடை மிச்சமானால் அன்றைய டீசல் மிச்சம். பக்கத்துக்கு இரண்டு பட்டை சேர்த்ததும் வண்டியின் பின்பக்கம் நிமிர்ந்து நின்றது. அனுமதித்ததைவிட அரை டன் கூடுதலாக ஏற்றியும் உட்காரவே இல்லை. பார்ப்பதற்கு நிறைவாக இருந்தது. கேரட் கழுவி ஏற்றுவதால் மூட்டையில் தண்ணீர் எடை வேறு. மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை.

ஒரு நாள் காலை முள்ளூர் தாண்டி இறங்கும்போது பிரேக் பெடல் பஞ்சு போல ஆயிற்று. இரண்டாவது முறை மிதித்தேன், தரை வரை போனது. மூன்றாவது கியரில் இருந்தேன், அதுவும் தப்பு. எப்படியோ இரண்டுக்கும் பிறகு ஒன்றுக்கும் இறக்கி, இடதுபக்கம் மலையை ஒட்டிய சாக்கடையில் சக்கரத்தை இறக்கி, சுவரில் உரசி நிறுத்தினேன். கிளீனர் பையனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. எதிரே ஒரு பள்ளிக்கூட வேன் ஏறி வந்துகொண்டிருந்தது. அந்த வேனின் நிறம் இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது.

வண்டியைப் பார்த்த மேட்டுப்பாளையத்து மெக்கானிக் ஒருவர் வயதானவர், பொறுமையாக விளக்கினார். பின் ஆக்சிலுக்கு மேலே ஒரு சின்ன கம்பியும் வால்வும் இருப்பதைக் காட்டினார். எல்எஸ்பிவி என்று பெயர். லோடு ஏறினால் சேசிஸ் தாழ்ந்து ஆக்சிலை நெருங்கும், கம்பி வளையும், வால்வு பின் சக்கரத்துக்கு அதிக பிரேக் அழுத்தம் விடும். காலி வண்டியில் சேசிஸ் உயர்ந்திருக்கும், பின் டயர் பூட்டிக்கொள்ளாமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்கும். நான் பட்டை சேர்த்ததால் எவ்வளவு ஏற்றினாலும் சேசிஸ் தாழவில்லை. வால்வு வண்டி காலி என்றே நினைத்துக்கொண்டிருந்தது. மிகக் கனமான லோடோடு, பின் பிரேக் பாதி பலத்தில், முன் பிரேக் மட்டும் எல்லாச் சுமையையும் வாங்கிச் சூடேறியிருக்கிறது. கூடவே பிரேக் ஆயிலை நான் மாற்றியதே இல்லை.

அன்றைக்குத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று டன் வண்டி 1,500 மீட்டர் உயரம் இறங்கினால் அந்த ஆற்றல் முழுவதும் எங்கேயாவது சூடாகத்தான் போக வேண்டும். ஏறக்குறைய 130 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு அது. ஒரு பெரிய டிரம் தண்ணீர். இவ்வளவையும் நான்கு சக்கரத்தில் இருக்கும் சின்னச் சின்ன இரும்புக்கு நாம் கொடுக்கிறோம். குறைந்த கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும் எஞ்சின் பிரேக் அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளாவிட்டால் மிச்சத்தைத் தாங்க எந்த பிரேக்காலும் முடியாது.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையாவது கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்தத் தரத்தின் குறைந்தபட்ச எல்லை 155 டிகிரி. கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. பெடல் பஞ்சாவது அதனால்தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் வடித்துப் புதிது ஊற்றுங்கள். மலைக்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் இன்னும் நல்லது. செலவு ஒரு நாள் டீசலைவிடக் குறைவு.

பட்டையைக் கழற்றிவிட்டேன். மருமகனுக்கும் அதைத்தான் சொன்னேன்: பட்டையைக் கூட்டலாம், அதனால் பிரேக்கின் பலமோ, ஆக்சிலின் பலமோ, டயரின் தாங்கும் சக்தியோ கூடிவிடாது. தேய்ந்து வளைவிழந்த பட்டையை மாற்ற வேண்டியிருந்தால் அதே எண்ணிக்கை, அதே கனம். மாற்றிய பிறகு சென்டர் போல்ட், யு போல்ட் இரண்டையும் முதல் லோடுக்குப் பின் ஒருமுறை இறுக்கி, எல்எஸ்பிவி அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் யாரும் செய்வதில்லை.

சட்டமும் இதையே சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதைவிடப் பெரிய அடி விபத்தின்போது. ஓவர்லோடும் அனுமதியில்லாத மாற்றமும் இருந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் பின்வாங்க அது போதும்.

செய்யலாம், வேண்டாம்

மாற்றங்களே கூடாது என்று சொல்கிறவன் இல்லை நான். என் வண்டியில் பல செய்திருக்கிறேன். நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான், இது இறக்கத்தில் எனக்கு உதவுமா, கெடுக்குமா?

கழுவிய காய்கறி ஏற்றுகிறவர்களுக்கு முதல் எதிரி துரு. சரக்கு வைக்கும் தொட்டியின் தரையில் தண்ணீர் வடியும் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தரைக்குக் கனமான ரப்பர் பாய் போடுங்கள், ஆனால் வாரம் ஒருமுறை தூக்கிக் கழுவிக் காய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாய்க்கு அடியிலேயே துரு வளரும். மழைக்காலத்துக்கு முன் அடிப்பக்கம் கோட்டிங் அடிப்பது நல்ல செலவு. கயிறு கட்டக் கூடுதல் கொக்கிகள் வைக்கலாம், தொட்டியில் மட்டும். சேசிஸில் வெல்டிங்கோ துளையோ வேண்டவே வேண்டாம். வண்டியில் எங்கே வெல்டிங் வைத்தாலும் முதலில் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஈசியு என்ற எஞ்சின் கம்ப்யூட்டர் போய்விடும்.

கோத்தகிரி மூடுபனிக்கு மஞ்சள் ஃபாக் லைட் அவசியம், பம்பருக்குக் கீழ்மட்டத்தில், தனி ரிலே, தனி ஃபியூஸ் வைத்து. ஹெட்லைட் வயரை உரித்து முறுக்கி எடுப்பது தீப்பிடிக்க வழி. பனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஹெட்லைட்டிலேயே கண்ணைக் கூசும் எல்இடி மாட்டுவது எதிரே ஏறி வருகிறவரைக் குருடாக்கும். அவர் பார்க்காவிட்டால் நமக்கும் ஆபத்துதான். பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. எஃப்சிக்காக ஒட்டி, பிறகு சேறு மூடி விடுவதில் பயனில்லை. துணியால் துடைத்துவிடுங்கள்.

தொட்டியின் பக்கவாட்டை உயர்த்திக் கட்டுவது வேண்டாம். உயரம் கூடினால் கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும், கூடவே இன்னும் நாலு மூட்டை வைக்க ஆசை வரும். முன்னால் மாட்டும் இரும்பு பம்பர் கம்பியை மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே தடுத்துவிட்டது. மோதலின் அடியை அது நேராகச் சேசிஸுக்குக் கடத்தும். எஞ்சினின் கம்ப்யூட்டரில் மாற்றம் செய்து பவர் கூட்டுவதைப் பற்றி மருமகன் ரொம்ப ஆர்வமாகக் கேட்டான். காலியாக ஏறும் வண்டிக்கு எதற்கு அது? கிளட்சும் கியர்பாக்ஸும் பழைய பலத்துக்குச் செய்தவை. வாரன்டியும் போகும். 80 கிலோமீட்டருக்குக் கட்டுப்படுத்தும் கவர்னரையும் தொடாதீர்கள். வண்டியின் அடிப்படை அமைப்பை, கம்பெனி கொடுத்த அளவில் இருந்து மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று சட்டத்தில் இருக்கிறது.

டயரில் காசைச் சுருக்காதீர்கள். பார்க்கப் பெரிதாக இருக்கும் கார் டயரைவிட, சரியான பிளை ரேட்டிங் (டயரின் பலத்தைக் காட்டும் அளவு) உள்ள சரக்கு டயர்தான் வேண்டும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23வது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான ரப்பர் வெடிக்கும். பழைய டயரில் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரேட் டயரை முன் சக்கரத்தில் போடவே கூடாது.

இறங்கும் முறை

லோடு ஏற்றும்போது கனமான மூட்டைகள் கேபினை ஒட்டியும் ஆக்சிலுக்கு மேலும் வர வேண்டும். கதவு ஓரத்தில் கனம் வைத்தால் முன் சக்கரத்தின் பிடி குறையும். தார்ப்பாயைக் கட்டிய பிறகு இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்திக் கயிற்றை மறுபடி இறுக்குங்கள், முதல் குலுக்கலில் மூட்டைகள் அமுங்கியிருக்கும்.

இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், வேகம் வந்த பிறகு அல்ல. எந்த கியரில் லோடோடு ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். என் வண்டிக்கு அது இரண்டு, சில வளைவுகளில் ஒன்று. எஞ்சின் உறுமினால் பயப்பட வேண்டாம், அது வேலை செய்கிறது. பிரேக்கை மெல்ல அழுத்திக்கொண்டே வருவது கூடாது. வேகம் ஏறும்போது ஒருமுறை உறுதியாக மிதித்து, குறைந்ததும் முழுவதும் விட்டுவிடுங்கள். நடுவில் காற்றுப்பட்டு ஆறும்.

நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று இன்னும் நம்புகிறார்கள். காமன் ரெயில் வண்டியில் கியரில் இருந்துகொண்டு ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் ஐடில் ஓட டீசல் செலவாகும். எஞ்சினையே அணைத்து இறங்குவது அதைவிட மோசம். டீசல் வண்டியில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை எஞ்சினால் சுற்றும் பம்ப்தான் தருகிறது. இரண்டு மூன்று மிதியில் அது தீர்ந்தால் பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் கனக்கும்.

ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள், விதியும் அதுதான். குஞ்சப்பனை பக்கம் பலா சீசனில் யானைகள் ரோட்டுக்கு வரும். கண்டால் தூரத்திலேயே நின்று, ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள்.

கருகிய வாசனை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க்கும் டிரம்மும் கோணிவிடும் அல்லது விரிசல் விடும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து அரை மணி நேரம் ஆற விடுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ரோட்டோரம் போட்டுவிடுங்கள். பனியில் அந்தக் கல்லில் ஏறி விழுந்த பைக்காரர்களை நான் தூக்கியிருக்கிறேன்.

மண்டியில் போய் நின்றதும் மூட்டை இறக்கும் நேரத்தில் வண்டியை ஒரு சுற்று சுற்றி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் காட்டிப் பார்ப்பேன், தொடாமல். முன் இரண்டும் ஒரே அளவு சூடு, பின் இரண்டும் ஒரே அளவு சூடு என்றால் எல்லாம் சரி. ஒன்று மட்டும் அதிகமாக அனல் வீசினால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போகிறது. சில்லென்று இருந்தால் அந்தச் சக்கரம் பிரேக்கே பிடிக்கவில்லை. எதுவாக இருந்தாலும் நோட்டில் எழுதிவிட்டு, மலை ஏறும் முன் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவேன். மருமகன் அடுத்த வாரம் வேறொரு வண்டி பார்த்து வைத்திருக்கிறான், பட்டை கம்பெனி அளவிலேயே இருக்கிறதாம். விடியற்காலை ஐந்து மணிக்கு நானும் கூடப் போகிறேன், ஒரு சாக்கோடு.